மக்கானா: உணவா, விளம்பரமா?

அண்மைக் காலமாகப் புலம்பெயர் நாடுகளின் இந்தியக் கடைகளில் மக்கானா பளபளக்கும் பைக்கற்றுகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. நீரிழிவுக்கு மருந்து, புரதச் சுரங்கம், என்றும் இளமை தரும் என்றெல்லாம் நம்மவர் குடும்பங்களுக்குள் செய்திகள் பரிமாறப்படுகின்றன. நெடுங்காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், விளம்பரம் செய்தி வேடம் பூண்டு வரும்போது என்னால் வாளாவிருக்க முடிவதில்லை.

முதற் பிழை பெயரிலேயே இருக்கிறது. இதனைத் தாமரை விதை என்று எழுதுகிறார்கள். இது தாமரை விதை அன்று; அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, முட்கள் நிறைந்த வேறொரு நீர்த்தாவரத்தின் விதை. இந்தியாவில் இதன் பெரும்பகுதி பீகாரின் மிதிலைப் பகுதியில் விளைகிறது.

இனிப் புரதத்துக்கு வருவோம். 100 கிராம் மக்கானாவில் ஏறத்தாழ 77 கிராம் மாப்பொருளும் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதமும் உள்ளன. சமைக்காத வெள்ளை அரிசியிலும் மாப்பொருள் ஏறக்குறைய இதே அளவுதான். நம்மூர்க் கச்சானிலோ 25 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு, மாலையில் மக்கானாவைக் கிண்ணம் கிண்ணமாகக் கொறிக்கும் நீரிழிவு நோயாளி யாரை ஏமாற்றுகிறார்? தம்மைத்தானே அல்லவா?

நியாயமாகச் சொல்வதானால், இதற்கு நற்குணங்களும் உண்டு. இயல்பில் கொழுப்பும் உப்பும் மிகக் குறைவு. எண்ணெயின்றி வறுத்த ஒரு கைப்பிடி, பொரித்த உருளைக்கிழங்குச் சீவலைவிட நிச்சயமாக மேலானது. கச்சானில் கொழுப்பும் கலோரியும் கூடுதல் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் நெய்யில் பொரித்து, உப்பும் மசாலாவும் தூவிப் பைக்கற்றில் அடைத்த பின்னர் அந்த நற்குணங்களில் எவை எஞ்சும்? பைக்கற்றின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்து அட்டவணையைப் படியுங்கள்.

இதில் அரசியலும் கலந்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் இந்திய மத்திய வரவுசெலவுத் திட்டம் பீகாரில் மக்கானா வாரியம் அமைக்கப்படும் என்றது. அதே மாதம் பிரதமர் மோடி, ஆண்டில் 300 நாளாவது தாம் மக்கானா உண்பதாகப் பாகல்பூரில் பேசினார். நவம்பரில் அம்மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இந்த வரிசையைத் தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும்.

குளத்தின் அடியில் மூழ்கி, சேற்றில் கிடக்கும் விதைகளைத் திரட்டுபவர்கள் மல்லா சமூகத்துத் தொழிலாளர்கள். சூடாக வறுத்த விதையை மரக்கட்டையால் அடித்துப் பொரியாக்குவதும் கடும் உழைப்பு. அற்புதம் என்று ஏதாவது இதில் இருக்குமானால் அது அந்த உழைப்பே. பைக்கற்றில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மக்கானாவை உண்ணுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உணவாக, அளவோடு உண்ணுங்கள். மருந்தென்று நம்பி, வைத்தியர் தந்த குளிகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.