பிரதம நிறைவேற்று அதிகாரியின் கதிரை அட்டாளைச்சேனையிலிருந்து ஏன் இவ்வளவு தூரம்?

உயர்தரத்தில் வணிகப் பிரிவு படிக்கும் பிள்ளைகளிடம் எதிர்காலம் பற்றிக் கேட்டால் அட்டாளைச்சேனையில் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும்: ஆசிரியர், வங்கி, கத்தார். கொஞ்சம் துணிந்தவர்கள் கணக்காளர் என்பார்கள். ஒரு கம்பனியின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக வரவேண்டும் என்று சொன்ன பையனை நான் ஒரேயொரு தடவைதான் சந்தித்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற அவனது வாப்பா சிரித்துவிட்டார். "அதெல்லாம் கொழும்புப் பெரிய மனிசர்ர பிள்ளைகளுக்கு, சேர். இவனுக்கு ஒரு கவுண்மேந்து வேலை கிடைச்சாப் போதும்."

அந்தச் சிரிப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்தவை வீடுகள் மட்டுமல்ல. மகாராஜா நிறுவனத்தின் தொழிற்சாலைகள், கே. குணரத்தினத்தின் ஆலைகள், ஏ.வை.எஸ். ஞானத்தின் ஆலைகள் எனத் தமிழர் நிருவகித்த பெரும் தொழில்கள் சில நாட்களில் சாம்பலாகின. 2019 மே மாதம் அதே நெருப்பு மினுவாங்கொடையில் ஒரு முஸ்லிம் உரிமையாளரின் பாஸ்டா தொழிற்சாலையை எரித்தது. தனியார் துறை எரியக்கூடியது என்பதை எங்கள் இரண்டு சமூகங்களும் கண்ணால் பார்த்துப் படித்தவை. அரச சம்பளம் அப்படியல்ல. யுத்தத்தின் நடுவிலும், அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளில் வேலை செய்த ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும்கூட அது வந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் அப்படி வாழ்ந்த ஒரு தகப்பன் தன் மகனுக்கு ஓய்வூதியமுள்ள தொழிலைத் தேடுவது நியாயமான கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கு இப்போது பிழைத்துக்கொண்டிருக்கிறது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் மறக்கவில்லை. 2020இல் ஆயிரக்கணக்கானவர்களை ஒரேயடியாகப் பயிலுநர்களாக எடுத்தார்கள். 2022இல் நாடே வங்குரோத்தானது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் ஏற்பாட்டுக்குள் போன ஓர் அரசாங்கம், வாக்குக்காக வேலை அள்ளிக் கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு இலகுவில் திரும்ப முடியாது. இதே ஊரில் தேசிய கல்விக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து ஒலுவிலில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் முகாமைத்துவ, வர்த்தக பீடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் முகாமையாளர்களாக வரப் படித்தவர்கள் வெளியேறுகிறார்கள். முகாமை செய்ய இங்கே என்ன இருக்கிறது?

பிரதம நிறைவேற்று அதிகாரி என்பவர் யார் என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பணிப்பாளர் சபை நியமிக்கும் ஆள் அவர். இலாபமோ நட்டமோ, அதற்குப் பதில் சொல்லவேண்டியவர். அந்தப் பொறுப்பை ஐம்பது வயதில் திடீரென்று யாரும் தருவதில்லை. இருபத்தைந்து வயதில் ஒரு சிறிய பிரிவு, முப்பதில் ஒரு வரவுசெலவு, முப்பத்தைந்தில் ஒரு துணைக் கம்பனி என்று கை பழகி வரவேண்டும்.

ரட்டா சன்ஸ் தலைவர் நடராஜன் சந்திரசேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஊர் அரச பாடசாலையில் தமிழில் படித்தவர். திருச்சியில் பட்டமேற்படிப்பை முடித்து 1987இல் ரி.சி.எஸ். கம்பனியில் சேர்ந்தார். 2009இல் அதன் பிரதம நிறைவேற்று அதிகாரி, 2017இல் முழுக் குழுமத்தின் தலைவர். தமிழ்மொழிமூலம் அவரைத் தடுக்கவில்லை என்று மேடைகளில் பேசுவோம். நான் பார்ப்பது 1987ஐத்தான். இருபத்துநாலு வயதில் ஒரு கதவு திறந்திருந்தது, அதற்குள்ளேயே இருபத்திரண்டு வருடம் ஏறினார்.

எங்கள் நாட்டிலும் அப்படித்தான். ஜோன் கீல்ஸின் முதல் இலங்கைத் தலைவராக 1990இல் வந்தவர் கென் பாலேந்திரா, ஒரு தமிழர். 2019இல் அவரது மகன் கிரிஷான் பாலேந்திரா அதே கதிரைக்கு வந்தார். (தகப்பனும் மகனும் ஒரே கதிரையில் என்பதைப் பார்த்து அந்த வாப்பா இன்னும் பலமாகச் சிரிப்பார். அதையும் மறுக்க முடியாது.) எனக்கு இவர்களைவிட முக்கியமாகப் படுபவர் கஸ்தூரி செல்லராஜா வில்சன். சீமா எனப்படும் முகாமைக் கணக்கியல் தகைமையோடு ஹேமாஸ் குழுமத்துக்குள் நுழைந்து, பல பிரிவுகளை நடத்திக் காட்டி, 2020 ஒக்டோபரில் அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். பங்குச் சந்தையில் உள்ள ஓர் இலங்கைக் குழுமத்தில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்.

இவர்கள் எல்லோருக்கும் முதல் படி தலைமை அலுவலகம் இருக்கும் நகரத்தில் இருந்தது. எங்களுக்கு வாய்த்தவை கிளைகள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், தொலைபேசிக் கம்பனிகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் கிளை முகாமையாளர் மரியாதைக்குரிய மனிதர், ஆனால் கொஞ்சம் பெரிய கடனென்றால் கோப்பு கொழும்புக்குப் போகும். முடிவு அங்கே, கையெழுத்து இங்கே.

ஒலுவில் துறைமுகம் இதன் பெரிய உருவம். டென்மார்க்கின் ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ கடனில் கட்டி, 2013 செப்டெம்பரில் கோலாகலமாகத் திறந்தார்கள். வாயிலில் மணல் மூடியது. ஒலுவில் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் சரிந்தன. கப்பலும் வரவில்லை, மீன்பிடி வள்ளங்களும் நிம்மதியாகப் போய்வர முடியவில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு, அந்தத் துறைமுகத்தின் வரவுசெலவுக்குப் பதில் சொல்லும் கதிரை இந்தக் கரையில் ஒருநாளும் இருக்கவில்லை.

வடக்கிலும் கதை வேறல்ல. யுத்தத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் வானவில் ஆடைத் தொழிற்சாலை வந்தது. தையல் இயந்திரத்துக்கு முன்னால் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று அமைச்சர்கள் முதல் ஊடகங்கள் வரை கேட்டோம். முகாமையாளர்களின் மேசையில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர், பத்து வருடத்தில் அந்த எண்ணிக்கை எப்படி மாறவேண்டும் என்று ஒப்பந்தம் பேசும் நேரத்திலேயே கேட்டிருக்கவேண்டும். இனிக் கிழக்குக்கு வரும் முதலீட்டாளரிடமாவது கேட்கலாம்.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. உயர்தரம் தமிழில், பட்டம் ஆங்கிலத்தில், கொழும்பு அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேசை சிங்களத்தில். பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் நேர்முகத் தேர்வின் பத்தாவது நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அறிவில் குறையாத பிள்ளைகள் வாய் திறக்காமல் திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன். அதன் பிறகு அவர்கள் விண்ணப்பிப்பது அரச வேலைக்கு மட்டுமே.

இதில் எங்கள் கையில் இருக்கும் ஒரு விடயம் உள்ளகப் பயிற்சி. படிப்பின் முடிவில் வரும் அந்த ஆறு மாதத்தைப் பலர் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பிரதேச செயலகத்திலோ அரச வங்கிக் கிளையிலோ கழிக்கிறார்கள். கொழும்பில் ஒரு குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் கழித்திருந்தால் அதுவே அவர்களது 1987 ஆகியிருக்கலாம். தடுப்பது பெரும்பாலும் அறை வாடகை. பெண் பிள்ளைகளுக்கு அதோடு பாதுகாப்பான தங்குமிடமும். எங்கள் பள்ளிவாசல் நிதிகளும் கோயில் அறக்கட்டளைகளும் புலம்பெயர்ந்தோர் சங்கங்களும் மருத்துவ, பொறியியல் மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன, நல்லது. வணிகம் படித்த பத்துப் பிள்ளைகளுக்குக் கொழும்பில் ஆறு மாத வாடகை கொடுக்கும் ஒரு நிதியை இந்தக் கரையில் நான் இன்னும் காணவில்லை. தொடங்குவதென்றால் ஒரு தமிழ்ச் சங்கமும் ஒரு பள்ளிவாசல் நிருவாகமும் சேர்ந்தே தொடங்கலாம். வெள்ளவத்தையில் அறை தேடும்போது இரண்டு பேரிடமும் கேட்கும் முற்பணம் ஒன்றுதான்.