முதலிற் கம்பி, பின்னரே செய்நிரல்

விழா மலரிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அப்பணிக்கு என்னினும் தகுதியுடைய பெரியோர் பலர் உளர். யான் பேசப் புகுவது ஒரு சிறு பொறியைப் பற்றி. ஓடுபட்டியொன்றின்மீது பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, அவை தூவுமுனையின் கீழ் வந்ததும் தானாகவே நீரையோ வர்ணத்தையோ தூவும் பொறி அது. க.பொ.த. உயர்தர வகுப்பிலே 2013ஆம் ஆண்டில் தொழினுட்பவியல் துறை தொடங்கப்பட்டதன் பின்னர், இத்தகைய பொறிகளைத் தாமே செய்து பார்க்க விரும்பும் மாணாக்கரை நாம் காண்கிறோம். மகிழ்ச்சிக்குரியதே. ஆயின், அவர்கள் அதனைக் கற்கும் ஒழுங்கு தலைகீழாக இருக்கின்றது என்பது என் துணிபு.

மாணவன் முதலிற் கணனியின் முன் அமர்கிறான். பல நாட்கள் செய்நிரல் எழுதுகிறான். கண்காட்சிக்கு முதல்நாள் மாலையிலேதான் கம்பிகளைத் தேடி எடுத்து, முறுக்கி, நாடா சுற்றி ஒட்டுகிறான். செய்நிரல் அறிவாளியின் வேலை, கம்பி பொருத்துதல் கூலியாளின் வேலை என்று எவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பேனை பிடிப்பதே உத்தியோகம் என்று கருதிய நம் முந்திய தலைமுறையாரின் எண்ணம் உருமாறி அவனிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. அன்று பேனை, இன்று விசைப்பலகை. வேறுபாடு அவ்வளவே.

இப்பொறியை ஆளும் பீ. எல். சி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வரலாறே இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார், ஆயிரக்கணக்கான கம்பிகளால் இணைந்த றிலேப் பலகைகளுக்கு மாற்றாக ஒன்றை நாடினர். கார் மாதிரி மாறுந்தோறும் அப்பலகைகளைக் கழற்றி மீண்டும் கம்பி பொருத்த வேண்டியிருந்தமையே காரணம். திக் மோர்லி என்பாரும் அவர்தம் தோழரும் ஆக்கிய மொடிக்கன் 084 அவ்வாறு பிறந்தது. அதற்குரிய மொழி எத்தகையது? தொழிற்சாலை மின்வினைஞர் நெடுங்காலம் வரைந்து பழகிய ஏணிப் படத்தையே மொழியாகக் கொண்டனர். இன்றும் அவ்வேணிப் படம் வழக்கிலுள்ளது. கம்பியறிந்தவன் கையிலிருந்தே செய்நிரல் வந்தது. அதனைக் கம்பியறியாதவனுக்குக் கற்பிக்க முயல்கிறோம் நாம்.

இனிப் பொறிக்கு வருவோம். முதலிற் பொருத்த வேண்டியது மோட்டாருமன்று, உணரியுமன்று, நிறுத்து பொத்தான். சிவப்புத் தலையும் மஞ்சட் பின்னணியும் உடைய அப்பொத்தானை இருவகையாக இணைக்கலாம். அழுத்தும்போது மின்சுற்று மூடுமாறு இணைப்பது ஒருவகை. அழுத்தும்போது திறக்குமாறு இணைப்பது மற்றையது. மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும். வேறுபாடு கம்பி கழன்றபோதே தோன்றும். முதல்வகையிற் கம்பி கழன்றால் எவருக்கும் தெரியாது, பட்டி ஓடிக்கொண்டிருக்கும். உருளைக்கும் பட்டிக்கும் இடையே ஒரு பிள்ளையின் விரல் அகப்பட்டு, மற்றொருவன் ஓடிவந்து பொத்தானை அழுத்தும் கணத்திலேதான் அஃது இறந்து கிடப்பது புலனாகும். இரண்டாம் வகையிலோ கம்பி கழன்ற அக்கணமே பொறி நின்றுவிடும். ஆதலால் இரண்டாம் வகையே கொள்ளத்தக்கது. அன்றியும், பொத்தான் மோட்டாருக்கும் வால்வுக்கும் செல்லும் மின்னோட்டத்தை றிலே வழியாகத் தானே துண்டித்தல் வேண்டும். செய்நிரலுக்கு அச்செய்தியை அறிவிக்கலாம். அதனிடம் உத்தரவு கேட்டு நிற்றலாகாது.

மின்தடையை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை இருளில் இருந்தவர் அவர்கள். மின்சாரம் போனால் பொறி நிற்கும். அது திரும்பி வரும்போது யாது நிகழும்? சாதாரண ஆளி போட்டிருந்தால், பட்டியைத் துடைத்துக்கொண்டிருப்பவன் கையின்மீதே அது மீண்டும் ஓடத் தொடங்கும். தொடக்கு பொத்தானை அழுத்தியதும் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் றிலே ஒன்றை இட்டால், மின்சாரம் மீண்ட பின்னரும் ஒருவர் வந்து அழுத்தும்வரை பொறி அசையாது. இதற்குச் செய்நிரலில் ஓர் எழுத்தும் வேண்டியதில்லை.

உணரியின் கபிலக் கம்பி 24 வோல்ற்றுக்கு, நீலம் பூச்சியத்துக்கு, கறுப்பு சமிக்ஞைக்கு. உணரி வகையும் பெட்டியின் உள்ளீடும் பொருந்தாவிடின் உணரியின் விளக்கு எரியும், பெட்டியோ ஒன்றும் அறியாது. மாணவன் குற்றமற்ற செய்நிரலில் இரண்டு மணி நேரம் குற்றம் தேடுவான். நேரோட்டத்தில் இயங்கும் வால்வுச் சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயியை இடாவிட்டால், சுருள் அணையும்போதெழும் உயர் வோல்ற்றளவு பெட்டியின் வெளியீட்டைக் கெடுக்கும். இருவாயியின் விலை சில ரூபாய். பெட்டியின் விலையைக் கடையிற் கேட்டறிக.

இவ்வளவும் முடிந்த பின்னர்ச் செய்நிரல் எழுதுவோம். அதிலும் பொறியை அறிந்தவனே நன்கு எழுதுவான். பட்டியின் கதி செக்கனுக்கு 100 மி.மீ. என்க. உணரியிலிருந்து தூவுமுனை 250 மி.மீ. தூரத்தில் உளது. பொருளின் நீளம் 120 மி.மீ. இரண்டரைச் செக்கன் பொறுத்து, 1.2 செக்கன் தூவுக என்று எழுதுகிறான் மாணவன். கணக்குச் சரியே. ஆனாற் சுமை ஏறியபோது பட்டியின் கதி 90 மி.மீ. ஆகக் குறைகின்றது. இப்போது பொருள் வருமுன்னரே தூவல் தொடங்கும். வாற்பக்கத்தில் 37 மி.மீ. நனையாமற் போகும். பட்டியில் ஏறிய இரண்டாம் பொருள் முதற்பொருளை நெருங்கி வந்தாலோ, ஒற்றை நேரக்கணிப்பி இரண்டையும் குழப்பிவிடும்.

பரிகாரம் நேரத்தை விட்டுத் தூரத்தை எண்ணுதல். உருளையிற் பொருத்திய துளைத்தட்டு 5 மி.மீ.க்கு ஒரு துடிப்புத் தரட்டும். 50 அறைகள் கொண்ட நினைவு வரிசையொன்றை வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் உணரி கண்டதை முதலறையில் இட்டு, ஏனையவற்றை ஓரறை முன்தள்ளுக. ஐம்பதாம் அறை நிறைந்திருக்கும் வரையில் வால்வு திறந்திருக்கும். கதி மாறினாலும், பொருளின் நீளம் மாறினாலும், இரண்டு பொருள் நெருங்கி வந்தாலும் கணக்குப் பிசகாது. இவ்வெண்ணம் கணனித் திரையைப் பார்த்தவனுக்கு எளிதில் உதியாது. ஓடும் பட்டியைக் குனிந்து பார்த்தவனுக்கு உதிக்கும்.

கணனியிலேயே பொறியைப் பாவனை செய்து கற்பிக்கலாமே, செலவும் இல்லையே என்பார் உளர். அதற்கும் பயன் உண்டு. ஆயின் திரையிலுள்ள கம்பி ஒருபோதும் கழல்வதில்லை. திரையிலுள்ள பட்டி சுமையால் தளர்வதுமில்லை. தூவுவது நீராகவே இருக்கட்டும் என்பதையும் ஆசிரியர்க்குச் சொல்லி வைக்கிறேன். தின்னர் கலந்த வர்ணத்தின் ஆவி சாதாரண றிலேயின் பொறியாலேயே தீப்பற்றும்.

விழாவையொட்டிக் கல்லூரிக்குக் கணனி வழங்க எண்ணும் பழைய மாணவரிடம் ஒரு விண்ணப்பம். இரண்டு கணனியின் விலையைக் குறைத்து, நீண்ட வேலை மேசைகளும், 24 வோல்ற்று வழங்கிகளும், இணைப்புக் கட்டைகளும், உருகிகளும், நல்ல குறடுகளும் வாங்கித் தருக. கண்காட்சியிற் புள்ளியிட வருவோரிடமும் ஒன்று கேட்பேன். பொறி ஓடுவதைப் பார்த்துப் புள்ளியிட வேண்டா. ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்து பொத்தானின் கம்பியொன்றைக் கழற்றுக. பொறி நின்றாற் புள்ளியிடுக. திருப்புளியை யானே கொண்டுவருவேன்.