ஒத்துக்கொண்ட கூலி நியாயக் கூலியா?

புதுமனை மந்திரிப்புக்குச் செல்லும் இல்லங்களில், தரையைக் காட்டி வீட்டார் இரு செய்திகளைச் சொல்வதுண்டு. டைல்ஸ் என்ன விலை என்பது ஒன்று. பதித்த கொத்தனாரிடம் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைத்துப் பேசிய சாமர்த்தியம் மற்றொன்று. கடைக்காரர் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுத்தவர், மனிதரின் உழைப்பு என்றதும் பேரத்தில் இறங்குகிறார்.

அந்த ஐந்து ரூபாயைச் சற்றே கணக்கிடுவோம். 800 சதுர அடி வீட்டில் உரிமையாளருக்கு மிச்சம் 4,000 ரூபாய். கூடத்து அலங்கார விளக்குக்கே அதைவிட அதிகம் செலவிட்டிருப்பார். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நாளொன்றுக்கு 100 சதுர அடி பதிப்பதாகக் கொண்டால், நாளுக்கு 500 ரூபாய் இழப்பு. சித்தாளின் கூலி குறையாது. வெட்டும் இயந்திரத்தின் பிளேடு தேய்வதும் நிற்காது. முழுச் சுமையும் கொத்தனார் தலையிலேயே. மட்டம் பார்ப்பதும், குளியலறையில் நீர் வடிய வாட்டம் கொடுப்பதும், மூலைக்குத் துண்டு வெட்டுவதும் அந்தச் சதுர அடிக்குள் அடங்க வேண்டும். பழைய தரையைப் பெயர்ப்பதையும் மாடிக்குப் பெட்டி சுமப்பதையும்கூட "அதோடு சேர்த்து" என்போர் உளர். வேலையற்ற மழை நாள்களுக்கும், தூசியை விழுங்கும் நுரையீரலுக்கும், ஆண்டுக்கணக்கில் மண்டியிட்டுத் தேய்ந்த முழங்காலுக்கும் எந்த அளவுகோல்?

"அவர்தாமே ஒத்துக்கொண்டார்!" என்பார்கள். வீட்டில் உலை வைக்க வேண்டியவர் எதற்குத்தான் ஒத்துக்கொள்ளமாட்டார்? இந்தச் சாக்கைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் தள்ளிவிட்டார். உழைப்பாளி வாழப் போதுமான கூலி, ஒப்பந்தத்துக்கும் முந்திய நீதி என்பது அவர் வாதம். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும், இரு தரப்பின் சம்மதம் மட்டுமே கூலியை நியாயமாக்கிவிடாது என்கிறது.

மோசமாக வேலை செய்வோர் இல்லையா? உண்டு. பதித்ததைத் தட்டிப் பாருங்கள். அடியில் பொள்ளலாக ஒலித்தால் பெயர்த்துப் பதிக்கச் சொல்லுங்கள். கூலியில் எது அடக்கம், எது தனி என்று முன்னதாகவே எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் நன்றாக முடிந்த வேலைக்கு, "நாளை வா" என்று கடைசித் தொகையை இழுத்தடிப்பது எந்த உரிமை? இணைச்சட்ட நூல் கதிரவன் மறையும் வரைதான் நமக்குத் தவணை தருகிறது.

வீட்டாரை மட்டும் குறை சொல்வானேன்? நானறிந்த ஓர் ஆலயத்தில் பீடமுற்றத்துக்குப் புதுத் தரை போட்டார்கள். கல் வாங்க நன்கொடையாளர் பலர்; அவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டு வாயிலருகே இருக்கிறது. கொத்தனாரிடம் மட்டும் "ஆண்டவர் வேலை, பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லிக் கூலியில் பாதியைக் குறைத்தார்கள். அவரும் கத்தோலிக்கரே, மறுக்க நா எழவில்லை. அந்தப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. கல்வெட்டைச் சுவரில் பதித்தவரும் அவரேதான். அதற்கு அவர் தனிக்கூலி கேட்கவில்லை, எவரும் கொடுக்கவுமில்லை.