ஆடாத வீடியோவும் தெரியாத முகமும்

வீடியோ ஆடுதா, ஸ்டெபிலைசேஷன் இருக்கிற போனா வாங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அது கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும். ஃபோகஸ் தப்பினா ஒண்ணும் பண்ணாது.

போன தீபாவளிக்கு ஊர்ல அப்பா பழைய கதை சொன்னதை எடுத்தேன். தையில் அவர் போயிட்டார். இருக்கிறது அந்த 11 நிமிஷம்தான். துளி ஆட்டம் இல்லை. ஆனா ஃபோகஸ் அவர் முகத்துக்கும் பின்னாடி காலண்டருக்கும் மாறி மாறி ஓடுது. காலண்டர்ல தேதி நல்லாத் தெரியுது!

ஆட்டோவிலேயே விட்டது என் தப்பு. திரையில் முகத்து மேல விரலை அழுத்திப் பிடிச்சா பல போன்ல ஃபோகஸ் பூட்டிக்கும். (ஆள் முன்னே பின்னே நகர்ந்தா மறுபடி பூட்டணும்.) ஆட்டத்துக்கு, முழங்கை ரெண்டையும் விலாவோட ஒட்டி வெச்சுக்கிட்டாலே போதும், காசு செலவில்லை.

அடுத்த மாசம் லீவு போட்டிருக்கேன். அம்மாவைப் பேசச் சொல்லி எடுக்கணும். காலண்டரைக் கழட்டிட்டுத்தான்.