கொமர்க் குதிரைகளின் ஓட்டம்



சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போயிருந்தோம். சீசன் காலம். குதிரைப் பந்தயத் திடலின் வேலியோரம் நின்று பார்த்தபோது என் இளையவள் கேட்டாள்: "உம்மா, இதில எது பொம்புளக் குதிர?" எனக்கு அடையாளம் தெரியவில்லை. "கொமர்க் குதிரைகளுக்கெண்டு தனி ஓட்டம் இல்லையாமா?" என்று என் உம்மாவும் பகிடியாகக் கேட்டார்.

ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். இருக்கிறது. (பணம் கட்டி ஆடுவது நமக்கு ஹராம். அதனால் கெட்ட வீடுகளை நம் ஊரிலும் கண்டிருக்கிறோம். நான் சொல்ல வந்தது குதிரையைப் பற்றி மட்டும்.)

மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கென்று 1814 இல் இங்கிலாந்தில் 'ஆயிரம் கினி' ஓட்டம் தொடங்கியது. இந்தியாவில் மும்பாயிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. ஜப்பானியர் 1939 இல் தொடங்கியதற்கு இன்று 'ஓகா ஷோ' என்று பெயர். செர்ரிப் பூப் பரிசு என்பது அதன் கருத்து. ஒசாக்காவுக்கு அருகே ஹன்ஷின் திடலில், அந்தப் பூ மலரும் ஏப்ரல் மாதத்தில் நடக்கும். தூரம் 1600 மீற்றர். நல்ல தாய்க் குதிரை எது என்று கண்டுபிடிப்பதும் இப்படியான ஓட்டங்களின் நோக்கம். மூன்று வயதில் மட்டுமே ஓடலாம். தவறினால் அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை.

இதை வாசித்தபோது எனக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைதான் ஞாபகம் வந்தது. என் இளையவள் வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளிகள் குறைந்து தவறியவள். பெறுபேறு வந்த அன்று நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு நாள். பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

2021 இல் ஓகா ஷோவை வென்றது சோதாஷி என்ற வெள்ளைக் குதிரை. நரைத்து வெளுத்ததல்ல, பிறவி வெள்ளை. அந்த நிறத்தில் ஒரு குதிரை ஜப்பானின் பெரும் பாரம்பரிய ஓட்டமொன்றை வென்றது அதுவே முதல் தடவை. எடுத்த நேரம் 1 நிமிடம் 31.1 விநாடி. அடுப்பில் வைத்த பால் சூடேறுவதற்குள் ஒரு மைல்! அடுத்த மாதம் 2400 மீற்றர் ஓட்டத்தில் இதே சோதாஷி எட்டாவதாக வந்தது. அது வேறு கதை.

என்னைப் பிடித்துக்கொண்டது அதன் மூத்தம்மாவின் கதை. 1996 இல் பிறந்தது. தாயும் வெள்ளையில்லை, தகப்பனோ கறுப்பென்றே சொல்லலாம். இது மட்டும் பஞ்சு போல வெள்ளையாக வந்து விழுந்தது. ஷிராயுகிஹிமே என்று பெயர் வைத்தார்கள், வெண்பனி இளவரசி. ஒன்பது ஓட்டம் ஓடியது. ஒன்றையும் வெல்லவில்லை. அதன் மகள் புச்சிகோ வெள்ளை உடம்பில் புள்ளி புள்ளியாக இருக்கும். புச்சிகோவின் மகள்தான் சோதாஷி. சோதாஷிக்கு ஒரு தங்கையும் உண்டு, மாமா கோச்சா. அது வெள்ளையல்ல, தவிட்டு நிறம். 2023 இல் அதுவும் பெரிய ஓட்டமொன்றை வென்றது.

இரவு படுக்கையில் இதை இளையவளுக்குச் சொன்னேன். அவள் வென்ற குதிரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மூத்தம்மாக் குதிர ஒண்டையும் வெல்லல்லயா?"

"இல்ல மகள்."

"ஒம்பது தரமும் தோத்தா? அதுக்குப் பொறகு அவவுக்கு ஆரும் ஏசினாங்களா?"

நான் விளக்கை அணைக்கப் போனேன். "நாளைக்கு அவட படத்தக் காட்டுங்க உம்மா" என்றாள். காலையில் காட்டினேன். வரைதல் கொப்பியில் மூன்று குதிரை வரைந்திருக்கிறாள். புள்ளி போட்டதுக்கு மட்டும்தான் நிறம் தேவைப்பட்டது. மூன்றிலும் பெரிது மூத்தம்மா.