சின்னது போதும், நல்லது வேண்டும்!

காசு போட்டு ஆடும் வீடியோ கேம் எந்திரத்தின் உயிர் எது? உள்ளே இருக்கும் "போர்டு" என்னும் மின் பலகைதான். அதைத் தனியே எடுத்து, வீட்டு டெலிவிஷனில் ஆடும் பெட்டியாக மாற்றுகிறார்கள்.

ஜப்பானின் எஸ்.என்.கே. கம்பெனி 1990-ல் வெளியிட்ட "நியோ ஜியோ" போர்டுகள் இதற்குப் பெயர் பெற்றவை. 1, 2, 4, 6 விளையாட்டுகளை மாட்டக்கூடிய ரகங்கள் உண்டு. எதை வாங்குவது?

ஒன்று மாட்டும் சின்ன போர்டே போதும். பாலக்கரை சந்து வீடுகளில் பெரிய பெட்டிக்கு இடம் ஏது? ஒரு நேரத்தில் ஆடுவதும் ஒரு விளையாட்டுத்தானே!

ஆனால், பழைய பாட்டரி கசிந்து, போர்டின் செம்புக் கோடுகளை அரித்திருக்கலாம். அப்படிப்பட்டது பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்!

முதலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.