பத்து ரூபாய் வாசர்

இந்த ஆண்டு மலரில் நிலாவைப் பற்றி ஏழு பேர் கவிதை கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் குழாயைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

நம் பட்டறைக்குப் பின்னால் கை கழுவும் இடத்தில் மூன்று குழாய்கள் இருக்கின்றன. நடுக்குழாய் நான் முதலாமாண்டு சேர்ந்த நாளிலிருந்து ஒழுகுகிறது. ஒரு நாள் மதியம் ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்து மணி பார்த்தேன். இருபது நிமிடத்தில் நிரம்பிவிட்டது. அப்படியானால் மணிக்கு 3 லிட்டர், நாளுக்கு 72 லிட்டர். அதே நேரத்தில் மாடி வகுப்பில் எங்களுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. பெர்னௌலி சமன்பாட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நாற்பது பேர் அந்தக் குழாயில்தான் தினமும் கை கழுவிவிட்டுப் போகிறோம். ஒருத்தராவது கழட்டிப் பார்த்தோமா? நானும்தான் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு மன்னிப்பே கிடையாது. என் அப்பா பிளம்பர்.

சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘சொந்தத் தொழில்’ என்று எழுதினேன். பிளம்பர் என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா அஞ்சாவதோடு நின்றவர். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் சுற்று வட்டாரத்தில் இருபது வருஷமாகப் பைப் ரெஞ்ச் பிடிக்கிறார். "நீ ரெஞ்ச் புடிக்க வேண்டாஞ் சாமி, பேனா புடி" என்பார். இருந்தாலும் லீவு நாட்களில் கூடப் போய் வருகிறேன். இதில் எழுதுவதில் பாதி அவரிடம் கற்றது, மீதி அவரோடு சண்டை போட்டுக் கற்றது.

முதலில் ஒழுகும் குழாய். மூடிய பிறகும் வாயில் சொட்டினால் உள்ளே வாசர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மேலே பிடிக்குக் கீழே, தண்டைச் சுற்றிக் கசிந்தால் அது வாசர் இல்லை, கிளாண்டு நட்டுக்குள் சுற்றியிருக்கும் நூல் போயிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து இருபது ரூபாய் சாமான், பத்து நிமிட வேலை. நாமோ சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்கித் திருகுவோம். அதில் வாசருக்கு அடியில் இருக்கும் பித்தளை இருக்கை பள்ளமாகிவிடும். அப்புறம் புது வாசர் போட்டாலும் நிற்காது. ஆக, குழாயைக் கொல்வது பெரும்பாலும் நம் கைதான்.

கால் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாய்களில் வாசருக்குப் பதில் செராமிக் தட்டுகள் இருக்கின்றன. அதற்கு உள் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம். ஆனால் அதே கம்பெனி, அதே மாடல் வேண்டும். பில்லைத் தூக்கிப் போட்டவர்கள் முழுக் குழாயையும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிறுவாணித் தண்ணியில் வருஷக் கணக்கில் ஓடும் குழாய், போர் உப்புத் தண்ணியில் சீக்கிரமே வெள்ளைப் பொறுக்குக் கட்டி இறுகிவிடும். கழட்டி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் பாதிக் குழாய்கள் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அப்பா ஒரு வீட்டுக்குப் போய்ப் பத்து ரூபாய் வாசரை மாற்றிவிட்டு இருநூறு ரூபாய் கேட்டால், "ஏனுங்க, பத்து ரூவா வாசருக்கு இருநூறுங்களா?" என்று வாசலில் நிற்கவைத்துப் பேரம் பேசுகிறார்கள். அதே வீட்டில் இன்னொருவர் எண்ணூறு ரூபாய்க்குப் புதுக்குழாய் வாங்கி மாட்டிவிட்டு, கூலி முன்னூறு என்றால் ஒரு வார்த்தை பேசாமல் கொடுக்கிறார்கள். பளபளவென்று கண்ணுக்கு ஒன்று தெரிகிறதே! வாசர் உள்ளே இருக்கிறது, தெரிவதில்லை. இப்படி இருந்தால் எந்த பிளம்பர் ரிப்பேர் செய்வான்? பிளம்பர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். நியாயமாக ரிப்பேர் செய்கிறவனுக்கு நாம் கூலி தருவதில்லை. வீணாக மாற்றுகிறவனுக்குத் தருகிறோம். நாம் காசு கொடுப்பது வாசருக்கு அல்ல, ‘இதை மாற்ற வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த அறிவுக்கு. டாக்டரிடம் போய் மாத்திரை விலையை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறோமா?

அதற்காக எல்லாவற்றையும் ரிப்பேர் செய்துகொண்டே இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவோடு சண்டையே அங்கேதான்.

ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு மில் லைன் வீடு. ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். தாத்தா மில் தொழிலாளி, காலமாகிவிட்டார். வீட்டில் பழைய ஜி.ஐ. பைப். காலையில் திறந்தால் முதல் குடம் செம்மண் நிறத்தில் வரும். போன வருஷம் மட்டும் நான்கு தடவை கசிந்தது. நான்கு தடவையும் அப்பா சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, கிளாம்ப் போட்டுவிட்டு வந்தார், தடவைக்கு முன்னூறு. நான்காவது தடவை நானும் போனேன். சாக்கெட் பக்கத்தில் மரையில் கசிந்தால் பரவாயில்லை, சணலோ டெஃப்ளான் டேப்போ சுற்றி இறுக்கினால் நிற்கும். இது பைப்பின் நடு வயிற்றில் கசிந்தது. ஜி.ஐ. பைப்பில் இரும்பைக் காப்பது மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு. அது கரைந்த பிறகு துரு உள்ளிருந்து வளர்கிறது. நடுவில் ஓட்டை விழுந்தால் அந்த பைப் முழுக்கவே அந்த நிலையில்தான் இருக்கும். வெட்டி எடுத்த ஒரு துண்டைப் பார்த்தேன். அரை இஞ்ச் துவாரம் பென்சில் கூட நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு என்று நாம் படித்த கணக்கு கையில் இருந்தது.

நான் கணக்குப் போட்டேன். ஆறு மீட்டர் சி.பி.வி.சி. பைப், எல்போ, சாக்கெட், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். கிளாம்புக்கே ஆயிரத்து இருநூறு போய்விட்டது. "பாட்டிகிட்ட எடுத்துச் சொல்லுங்கப்பா, இது நட்டம்" என்றேன்.

அப்பா பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "கணக்கு செரிதாங் கண்ணு. அந்தம்மாகிட்ட முன்னூறு இருக்குது. ரெண்டாயிரம் இல்ல."

எனக்குப் பதில் வரவில்லை. இல்லாதவர்களுக்கு ரிப்பேர்தான் அதிக விலை என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடியும் பேசினோம். கடைசியில் அப்பா ஹார்டுவேர் கடையில் தன் கணக்கில் சாமான் எடுத்தார். மொத்த வீட்டுக்கும் இல்லை, சமையலறைக்குப் போகும் லைனை மட்டும் மாற்றினோம். குளியலறை லைன் அப்படியே கிளாம்போடு கிடக்கட்டும், அந்தத் தண்ணியை யாரும் குடிக்கப்போவதில்லை. அது என் யோசனை இல்லை, அப்பாவுடையது. பாட்டி மாதம் இருநூறு கொடுத்து வருகிறார். இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

எதை மாற்றுவது என்பதற்கு ஊர் அளவிலும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற நகரத்தில் 2014-இல் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணிக்கு மாறினார்கள். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தை அதில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து குடிதண்ணீரில் வந்தது. 2015-இல் பழைய தண்ணிக்கே திரும்பியும் பிரச்சினை தீரவில்லை, வீட்டுக்கு வீடு ஈயக் குழாய்களைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

நம் கோவைக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 24 மணி நேரமும் குடிநீர் தரும் திட்டத்துக்கு மாநகராட்சி 2018-இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஒரு கம்பெனியிடம் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று ஊரில் பெரிய விவாதமே நடந்தது. அதை நான் இங்கே தொடவில்லை. குழாய்க்காரன் மகனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். சில நாட்களுக்கு ஒரு முறை தண்ணி விடும்போது, நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லாமல் போகிறது. ஓட்டை இருந்தால் வெளியே இருக்கும் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். எப்போதும் அழுத்தம் இருந்தால் அந்த ஆபத்து குறையும். ஆனால் இத்தனை நாள் காலிக் குழாயில் தூங்கிய ஓட்டைகள் எல்லாம் அப்போது இரவு பகலாக ஒழுகும். வீதியில் புது பைப் போட்டால் போதாது, காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும் நம் பைப்பும் தாங்க வேண்டும். சோதிப்பது சுலபம். வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் மூடி, தொட்டியின் மிதவை வால்வையும் தூக்கிக் கட்டிவிட்டு, மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கேயோ போகிறது. அதேபோல் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் பொடியைக் கரைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அமுக்காமலே பேசினில் கலர் தெரிந்தால் அடி ரப்பர் போய்விட்டது.

இதற்கெல்லாம் டிப்ளமோ எதற்கு என்று ஒரு நண்பன் கேட்டான். நம் ஊர் ஜி.டி.நாயுடு ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கி ஓட்டுவதோடு நிற்காமல் கழட்டிப் போட்டு மாட்டினார். இந்தியாவில் மின்மோட்டார் தயாரித்த முன்னோடிகளில் ஒருவராக ஆனது அப்புறம்தான். பம்புக்குப் பெயர் போன ஊரில் படித்துக்கொண்டு, ஃபுட் வால்வில் இலை சிக்கி மோட்டார் தண்ணி எடுக்காவிட்டால் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறோம். நமக்கு வெட்கமாக இருக்க வேண்டாமா? பட்டறை வகுப்பில் ஃபிட்டிங், கார்பென்டரி, வெல்டிங் எல்லாம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு நாள் ஒழுகும் குழாய்க்கு ஒதுக்கும்படி பேரவை கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சாமானுக்கு ஆகும் செலவு நம் ஆண்டு விழா மைக் செட் வாடகையில் கால்வாசி கூட வராது.

பேரவை கேட்கும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. நடுக்குழாய்க்கான அரை இஞ்ச் வாசர் இரண்டு நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. மெயின் வால்வை மூடாமல் கழட்டினால் பட்டறை முழுக்கத் தண்ணி அடிக்கும். அந்த வால்வு ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மெக்கானிக்கல் இரண்டாமாண்டு, கடைசி பெஞ்சில் வந்து சொல்லுங்கள்.